சிறு அவுட்போர்டு மோட்டார்: கியர்பெட்டியில் நீர்க்கசிவும் பழுதுநீக்கமும்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரில், நீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியே கியர்பெட்டி. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் டிரைவ் ஷாஃப்டின் சுழற்சியை, படுக்கையாக உள்ள புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு மாற்றும் பற்சக்கரங்கள் இதற்குள் கியர் ஆயிலில் மூழ்கியபடி சுழல்கின்றன. பத்துக் குதிரைத்திறன் அளவிலான மோட்டார்களில் இந்த ஆயில் ஏறத்தாழ கால் லிட்டர்தான். அதில் நீர் கலந்தால் உயவு கெட்டு, பேரிங்கும் பற்சக்கரமும் துருப்பிடித்துத் தேயும்.

ஓடும்போது பெட்டி சூடேறி, உள்ளிருக்கும் ஆயிலும் காற்றும் விரிகின்றன. மோட்டாரை நிறுத்தியதும் சுற்றியுள்ள நீர் பெட்டியைக் குளிர்விக்க, உள்ளழுத்தம் குறைகிறது. அப்போது தேய்ந்த ஆயில் சீல் வழியாக வெளிநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆயில் வெளியே சிந்தாத மோட்டாரிலும் நீர் புகுவது இதனால்தான்.

நீர் கலந்த ஆயில் பால் விட்ட காப்பியின் நிறத்தில் இருக்கும். ஆயிலோடு கலக்காத நீர், அதைவிடக் கனமானது என்பதால், அடியில் தங்கும். இரவு முழுதும் மோட்டாரை நிமிர்த்தி வைத்துக் காலையில் ஆயில் வடிக்கும் கீழ்த்திருகைத் தளர்த்தினால் முதலில் நீரே சொட்டும். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் புரொப்பல்லர் நடுவிலிருந்து வழியும் கரிய எண்ணெயைக் கண்டு சீல் போய்விட்டதென்று முடிவு கட்டக் கூடாது. பல மாதிரிகளில் புகை அவ்வழியே வெளியேறுவதால், அது எரியாமல் வந்த என்ஜின் எண்ணெயாக இருக்கலாம்.

ஆயிலை மட்டும் மாற்றுவது பழுதுநீக்கம் ஆகாது. கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஆயிலை வடித்து, மேல்திருகின் துளையில் அளவுமானியுள்ள கைப்பம்பைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் ஏற்றுவார்கள். உச்சவரம்பு மாதிரிக்கு மாதிரி மாறும்; மீறினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். ஷாஃப்டுகளைக் கையால் சுழற்றி, கியரையும் மாற்றிப் பார்த்தபடி சோப்பு நீர் பூசினால், குமிழி எழும் இடமே கசிவு. வெளியழுத்தத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கும் சீலைப் பிடிக்க வெற்றிடச் சோதனையும் தேவை.

முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரு ஆயில் திருகுகளின் வாஷர்கள். விலை குறைந்தவை, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போட வேண்டியவை. அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட் சீல். மீன்பிடி படகுகளில் இதன் பெரும்பகை தங்கூஸ் நூல்: புரொப்பல்லருக்குப் பின்னே சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்துவிடும். புரொப்பல்லரை அடிக்கடி கழற்றி நூலை எடுப்பது, எந்தச் சீல் மாற்றத்தையும்விடப் பயன் தரும் பழக்கம். கியர் மாற்றும் கம்பியின் ஓ-ரிங், பேரிங் கூட்டின் ஓ-ரிங் ஆகியவையும் கசியலாம். டிரைவ் ஷாஃப்ட் சீல்கள் நீர் பம்புக்கு அடியில் இருப்பதால் பம்பைக் கழற்றியே ஆகவேண்டும். கையோடு அதன் இம்பெல்லரையும் மாற்றிவிடுவது நல்லது.

சீலைப் பெயர்க்கும் முன் அதன் உதடு எப்பக்கம் நோக்கியிருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரட்டைச் சீல்களில் இது மாதிரிக்கேற்ப வேறுபடும். ஷாஃப்டில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிற்காது. மெல்லிய எஃகு உறை போட வேண்டும், அல்லது ஷாஃப்டையே மாற்ற வேண்டும். புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, அதன் வெளிவிளிம்பில் பொருந்தும் குழாய்த்துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்குவார்கள்.

ஆயிலைக் கீழ்த்துளை வழியாகவே, மேல்துளையில் குமிழியின்றி வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். மேல்திருகை முதலில் முடுக்கினால், கீழே ஆயில் ஏற்றும் பம்பை எடுக்கும்போது ஆயில் அதிகம் ஒழுகாது. சில மணி நேரம் ஓட்டிய பின் கீழ்த்திருகைச் சற்றுத் தளர்த்திச் சில துளிகளைப் பார்க்க வேண்டும். புதுச் சீல்கள் போட்டும் நிறம் மாறியிருந்தால், சீல் அமரும் இடத்தின் உப்பு அரிப்பையோ, கூட்டின் விரிசலையோ தேட வேண்டியிருக்கும். குளிர்நாடுகளில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து விரிவதாலும் கூடு வெடிப்பதுண்டு.