பருவமழைக் காலத்தில் பாய்மரப் படகுப் பராமரிப்பு: ஜொகூர் கரையின் நடைமுறை

ஜொகூரில் குளிர்காலம் கிடையாது. பனி நாடுகளில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் ஆண்டு முடிவில் அதைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். இங்கே அந்த வேலைக்கு இடம் தருவது நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை. தென்சீனக் கடலை நேராகப் பார்த்திருக்கும் மெர்சிங் கரையில் இம்மாதங்களில் அலை உயர்ந்துவிடும். அங்கிருந்து படகேறிப் போகும் தியோமான் தீவில் பல தங்குவிடுதிகள் கதவடைத்துவிடும். சிறு படகுகளுக்குக் கடல் ஆபத்தானது என்று வானிலை ஆய்வுத் துறை அடிக்கடி எச்சரிக்கும்.

ஆனால் குளிர் நாட்டில் படகு உறங்கும்போது அதைக் கெடுப்பவையும் உறங்கிவிடும். ஜொகூரின் வெதுவெதுப்பான நீரில் எதுவும் உறங்குவதில்லை. மலாய்க்காரர்கள் தெரித்திப் என்று சொல்லும் கொட்டலசு ஆண்டு முழுவதும் படகின் அடியில் ஒட்டி வளரும். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கும் விடுமுறை இல்லை. புழு என்று பெயரே தவிர அது சிப்பி இனம். வெளியே ஊசிமுனைத் துளையும் உள்ளே விரல் பருமன் சுரங்கமுமாக இருக்கும் என்பதால், பலகையைத் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொட்டலசைக் கரையேற்றிய அன்றே, ஈரம் காயுமுன் சுரண்டிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சுரண்டிய தூளை நீரில் தள்ளுவதுதான் பலர் செய்யும் தவறு. அடிப்பூச்சில் பொதுவாகச் செம்பு கலந்த நஞ்சு இருக்கும். தெப்ராவ் நீரிணையில் பச்சைச் சிப்பி வளர்த்துப் பிழைப்பவர்கள் உண்டு. பூச்சுத் தூள் அவர்களுடைய கயிறுகளின் பக்கம்தான் மிதந்து போகும். முன்பு பயன்பட்ட டிரைபியூட்டைல்டின் பூச்சு பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளரச் செய்தது. அதைத் தடுக்கும் அனைத்துலக ஒப்பந்தம் 2008இல் நடப்புக்கு வந்தது. பழைய படகு வாங்கியவர், அடி அடுக்குகளில் அந்தப் பூச்சு இன்னும் இருக்கலாம் என்று நினைத்தே சுரண்ட வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்து, முகமூடி அணிந்து, தூளைத் திரட்டி எடுப்பது பெரிய செலவல்ல.

இனி மழை. கண்ணாடியிழைப் படகுக்கு அது பகை. உடலுக்குள் ஊறிய ஈரம் வெளியேறுமுன் பூச்சு அடித்தால் கொப்புளம் கிளம்பும். ஈரக் காற்றில் எப்பாக்சி பூசினால் மேலே பிசுபிசுப்பான படலம் படியும். அடுத்த பூச்சு அதில் ஒட்டாது. கூரைக்கடியில் இடம் கிடைக்காதவர் டிசம்பரில் அடிப்பூச்சைத் தொடாமல் உள்வேலைகளை முடித்துக்கொண்டு, மழை ஓயும் பிப்ரவரி, மார்ச் வரை காத்திருப்பது மேல். மரப் படகின் கதை நேர்மாறு. அது நெடுநாள் வெயிலில் நின்றால் பலகை சுருங்கி இணைப்புகள் வாய் பிளக்கும். ஈரக் காற்றும் நிழலும் அதற்கு நல்லவை.

திரெங்கானுவின் டுயோங் தீவுத் தச்சர்கள் செங்கால் மரப் பலகைகளை மர ஆணிகளால் இணைத்து, இடையே கெலாம் மரப்பட்டை வைத்துக் கட்டுவார்கள். தண்ணீர் பட்டால் பட்டை உப்பி இணைப்பை அடைத்துக்கொள்ளும். மற்ற மரப் படகுகளின் இடைவெளிகளில் பஞ்சுத் திரியைத் திணித்துப் பிசின் கலவையால் மூடுவார்கள். தமிழில் இதற்குக் கலப்பற்று என்று பெயர். நம் தோணிகளுக்குப் பயன்பட்ட குங்கிலியமும் மலாய்க்காரர்களின் டாமாரும் ஒரே வகை மரப்பிசின்தான்.

பாய்களை நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும். இங்குள்ள வெயிலில் துணிக்கு முன்பே தையல் நூல் இற்றுவிடும். நகத்தால் கீறிப் பார்த்தால் தெரியும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளில் ஒரு புரி அறுந்திருந்தாலும் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும்.

கரையேற்றும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் நீரிணையை இரண்டாகப் பிரித்துவிட்டது. பாலத்தில் இருந்த படகு வழியும் போரோடு போயிற்று. இப்போது கிழக்கே செபானா கோவிலிருந்து மேற்கே புத்ரி ஹார்பருக்குப் பாய்மரப் படகு போக வேண்டுமானால் சிங்கப்பூரைத் தெற்கே சுற்ற வேண்டும். பருவக் காற்று எழுந்த பிறகு பழுதான படகோடு அந்தக் கப்பல் நெரிசலுக்குள் நுழைவது புத்திசாலித்தனமல்ல.

கரையேற்றாமல் கட்டிப் போட்ட படகுகளையும் மழை மூழ்கடிக்கும். தளத்து நீர் வடியும் துளையை ஓர் இலை அடைத்தால் போதும், ஒரே இரவு மழையில் படகு நிறையத் தொடங்கிவிடும். நீரேற்றும் பம்பு மின்கலத்தை நம்பியது. மின்கலம் சூரியத் தகட்டை நம்பியது. வாரக்கணக்கில் மேகமூட்டம் நீடித்தால் எல்லாமே ஓய்ந்துவிடும். கடல்நீர் வால்வுகளை மூடி, வெடித்த இரப்பர் குழாய்களை மாற்றி, வாரம் ஒருமுறை யாராவது போய்ப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

மரப் படகை மீண்டும் நீரில் இறக்கியதும் ஓரிரு நாள் கசிவது இயல்பு. பலகை ஊறி இறுகும் வரை பம்போடு ஒருவர் படகிலேயே தங்குவார். மூன்றாம் நாளும் கசிவு குறையவில்லை என்றால் படகைத் திரும்பக் கரையேற்ற வேண்டியதுதான்.