இரகுநாத நாயக்கரும் உடைக்கப்பட்ட அணையும்

கல்லணைக்குச் செல்லும் நம்மவர் கரிகாலனை நினைப்பர். சற்றே படித்தவராயின் ஆர்தர் காட்டனையும் நினைப்பர். அணையை ஒட்டிக் கிடக்கும் தோகூரை நினைப்பவர் மிகக் குறைவு. வரலாற்று நூல்களில் ‘தோப்பூர்’ என்று எழுதப்படும் போர்க்களம் இவ்வூரே என்பர். 1616ஆம் ஆண்டின் இறுதியில், அல்லது அதையடுத்த சில மாதங்களுக்குள், விசயநகரப் பேரரசின் அரியணை யாருக்கு உரியது என்ற வழக்கு இந்த வயல்வெளியில்தான் வாளால் தீர்க்கப்பட்டது. வேலூர்க் கோட்டைக்குள் தொடங்கிய ஓர் அரச குடும்பத்துச் சண்டை, காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும், அதில் தஞ்சையின் ஆளுநராயிருந்த இரகுநாத நாயக்கர் என்ன செய்தார் என்பதையும் இங்கே காண்போம்.

ஆளுநர் என்ற சொல்லைத் தெரிந்தேதான் ஆள்கிறேன். தஞ்சை நாயக்கர்களை மன்னர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவர்கள் தொடக்கத்தில் மன்னர் அல்லர். இராயருக்குக் கப்பம் கட்டிப் படை அனுப்பும் கடமை பூண்டு, ஒரு மண்டலத்தை அவர் பெயரால் ஆண்டவர்கள். முதலாமவரான செவ்வப்ப நாயக்கர், அச்சுத தேவராயரின் தேவி திருமலாம்பாளின் தங்கை மூர்த்திமாம்பாளை மணந்தவர். தஞ்சை அவர் கைக்கு வந்தது அந்த உறவின் வழியே. அவருடைய மகன் அச்சுதப்பர். பெயரே இராயரை நினைவூட்டுகிறது. அச்சுதப்பரின் மகன் இரகுநாதர். 1600 முதல் தந்தையோடு இணைந்து ஆண்டு, 1614 வாக்கில் முழுப் பொறுப்பையும் ஏற்றார். மூவருக்கும் அமைச்சராய் இருந்தவர் கோவிந்த தீட்சிதர். மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களைக் கண்டவர்கள் அவரை மறக்க இயலாது.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், இராயர்களின் தலைநகர் பெனுகொண்டாவுக்கும் சந்திரகிரிக்கும் வேலூருக்குமாக இடம் பெயர்ந்தது. மையம் தளர்ந்தபோது மதுரையும் செஞ்சியும் கப்பம் கட்டுவதில் காலம் கடத்தின. தஞ்சை மட்டும் ஏறக்குறைய ஒழுங்காகவே நடந்துகொண்டது. இதைத் தஞ்சையாரின் பண்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மூன்று நாயக்கர்களில் தஞ்சை நாயக்கரின் நிலப்பரப்பே சிறியது. நெல்வளமோ அங்குதான் மிகுதி. இருபுறமும் பெரிய அண்டை வீட்டார் இருக்க, நடுவில் நிறைந்த குதிருடன் இருப்பவனுக்குத் தொலைவில் ஒரு பேரரசர் இருப்பது நல்லதுதானே.

அந்தப் பேரரசர் வேங்கடபதி தேவராயர் 1614 அக்டோபரில் இறந்தார். ஆண் மகவு இல்லாத அவர், சாகும் தறுவாயில் அண்ணன் மகன் சீரங்கரை வாரிசாக்கினார். ஆனால் தேவியருள் ஒருத்தியான பாயம்மாவிடம் ஒரு சிறுவன் இருந்தான். அவன் இராயரின் மகன் அல்லன் என்பது அரண்மனை அறிந்த இரகசியம். பாயம்மாவின் உடன்பிறந்தவனான கொப்பூரி ஜக்கராயன் அச்சிறுவனுக்கே முடி என்று நின்றான். சீரங்கரைக் குடும்பத்தோடு சிறைப்படுத்தினான். அவனை ஏற்க மறுத்த பெருந்தலைவர் வேலுகோட்டி யாசம நாயக்கர். சிறைப்பட்ட குடும்பத்தில் ஒருவனையேனும் மீட்க வேண்டும் என்று யாசமர் ஒரு வண்ணானின் துணையை நாடினார். சீரங்கரின் இரண்டாம் மகன், பன்னிரண்டு வயது இராமன், அழுக்குத் துணி மூட்டைக்குள் ஒடுங்கிக் கோட்டையை விட்டு வெளியேறினான். எஞ்சியோர் அனைவரும் பின்னர் கொல்லப்பட்டனர்.

இச்செய்தியை நமக்கு விரிவாகச் சொல்பவர் பர்ராடாஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். 1616 டிசம்பர் 12ஆம் நாள் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை, இராபர்ட் சூவெல் விசயநகரம் பற்றி 1900இல் வெளியிட்ட நூலில் சேர்த்திருக்கிறார். அந்த வண்ணானின் பெயர் அதில் இல்லை. ஒரு பேரரசின் வாரிசைத் தோளில் சுமந்தவன் தொழிலால் மட்டுமே அறியப்படுகிறான்.

யாசமரும் ஜக்கராயனும் மோதினர். தோற்ற ஜக்கராயன் தெற்கே ஓடி மதுரை முத்துவீரப்ப நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தான். தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியவர் இந்த முத்துவீரப்பர். செஞ்சியின் கிருட்டிணப்ப நாயக்கரும் அதே பக்கம் சேர்ந்தார். இந்தச் செஞ்சியார் செய்கைதான் வருந்தத்தக்கது. முன்னொரு காலத்தில் வேங்கடபதியாரின் சிறையில் கிடந்தவர் அவர். அவருக்காகப் பரிந்து பேசி விடுவித்தவர் இளவரசராயிருந்த இரகுநாதர் என்றும், அந்நன்றிக்காகத் தம் மகளையே அவருக்கு மணம் செய்து கொடுத்தார் என்றும் தஞ்சை அரசவைக் காவியங்கள் கூறுகின்றன. பெண் கொடுத்த மாமனாரும் அண்டை மண்டலத்து அதிபதியும் ஒருபுறம்; மறுபுறம் துணி மூட்டையில் தப்பி வந்த ஒரு சிறுவன், அவனுக்குக் காவலாய் ஒரு தெலுங்குத் தலைவர். இரகுநாதர் சிறுவனின் பக்கம் நின்றார்.

இராயர் குடும்பத்துக்குத் தஞ்சையார் பட்ட கடன் உண்மை. ஆனால் மதுரையும் செஞ்சியும் சேர்ந்து ஓர் அரசனை அரியணையில் ஏற்றிவிட்டால், அடுத்து நெருக்கப்படுவது தஞ்சைதான் என்பதும் உண்மை. கொள்ளிட முகத்துவாரத்துத் தீவுக்கோட்டையில் இருந்து கொண்டு கரையோரத்தை அலைக்கழித்த சோழகன் என்பவன், செஞ்சியின் ஆதரவு பெற்றவன். அவனை அடக்கிய கை இன்னும் ஈரம் காயாதிருந்த வேளை அது. நன்றியும் தற்காப்பும் ஒரே திசையைக் காட்டியபோது ஒருவர் எதன்பொருட்டு நடந்தார் என்று பிரித்துப் பார்ப்பது வீண் முயற்சி. இரகுநாதரைத் தூய அரசபக்தர் என்று போற்றுவோரும், தந்திரக்காரர் என்று இகழ்வோரும் இதை மறந்துவிடுகின்றனர்.

திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் இரு தரப்பும் சேர்த்துப் பத்து இலட்சம் வீரர் திரண்டிருப்பதாகப் பர்ராடாஸ் எழுதுகிறார். இத்தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அக்காலத்து ஐரோப்பியர் நம் படைகளை எண்ணும்போது சுழியங்களில் தாராளம் காட்டுவது வழக்கம். வலிமையில் குறைந்தவராயினும் தஞ்சை நாயக்கர் இளவரசனின் துணையால் சிறிது சிறிதாக மேலோங்கி வருகிறார் என்று அவர் குறிப்பதே பயனுள்ள செய்தி. போர் முடியும் முன்னரே, வெளியிலிருந்து ஒருவர் எழுதியது அது. வென்றவரைப் பாடும் கட்டாயம் அவருக்கு இல்லை.

போர்க்களத்துக்கு இரகுநாதர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பழமானேரி வழியாகச் சென்றார். எதிரிகள் காவிரி அணையை உடைத்துவிட்டனர் என்ற செய்தியை இராமபத்திராம்பாள் தம் வடமொழிக் காவியமான இரகுநாதாப்யுதயத்தில் தருகிறார். இரகுநாதரின் அவையில் புலமை பெற்று விளங்கிய பெண்பாற் புலவர் இவர். தஞ்சைப் படை யாசமரோடு சேராதபடி தடுக்கவே அணையை உடைத்தனர் என்பது வரலாற்றாசிரியர் பொதுவாகக் கொள்ளும் கருத்து. ஆற்றின் மட்டம் அறிந்த டெல்டாக்காரனுக்கு அதில் வேறொன்றும் தெரியும்.

கல்லணை இருக்கும் இடத்தில் கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. காவிரி நீர் அந்தத் தாழ்விற் சரிந்து உள்ளாறு வழியே கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து, தஞ்சை மண்டலத்து வயல்களுக்குத் திருப்புவதே அணையின் முதல் வேலை. நீரைத் தேக்கி வைப்பது அதன் வேலையன்று. எனவே அந்த இடத்தில் அணை உடைந்தால் தஞ்சைக்கு வெள்ளம் வராது, வறட்சிதான் வரும். காவிரியிலும் வெண்ணாற்றிலும் நீர் இறங்கிப் போக, வந்த தண்ணீரெல்லாம் கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடும். நாற்று விட்டவனும் நடவு முடித்தவனும் வாய்க்கால் தலைப்பில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு படையை ஓரிரு நாள் தாமதிக்கச் செய்யும் உத்தி, ஒரு மண்டலத்தின் ஒரு போகத்தையே பறித்துவிடும். ஜக்கராயன் இதையெல்லாம் கணக்கிட்டானோ இல்லையோ, பக்கத்திலேயே திருச்சிராப்பள்ளியில் இருந்த மதுரையார் இந்த நீர்க்கணக்கை அறியாதவர் அல்லர். வேலூர் அரியணைக்கும் தஞ்சை உழவனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அந்த உடைப்புதான் தொடர்பு.

காவியத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எழும். அவைப் புலவர்கள் தம் தலைவனைத் தோற்க விடமாட்டார்கள். யாழ்ப்பாணத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கும் இரகுநாதர் பெருவெற்றி பெற்றதாகக் காவியம் பாடுகிறது. ஆனால் 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசியர் கைக்குப் போய்விட்டது, அதை மீட்கத் தஞ்சையிலிருந்து சென்ற படையும் வெல்லவில்லை. தோப்பூரைப் பற்றியும் தஞ்சைக் காவியத்தில் முன் நிற்பவர் இரகுநாதர். வேலுகோட்டியார் வம்சாவளியிலோ வெற்றி யாசமருடையது. ஆனால் அணை உடைந்த செய்தி வேறு வகையது. அதனால் தலைவனுக்குப் புகழ் கூடுவதில்லை. புகழுக்கு உதவாத செய்தியைப் புலவர் ஒருவர் சொல்லும்போது அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்பது என் எண்ணம்.

போரில் ஜக்கராயன் மாண்டான். மதுரைப் படையும் செஞ்சிப் படையும் சிதறின. முத்துவீரப்பர் தப்பி ஓடித் திருச்சிராப்பள்ளி அருகே பிடிபட்டார். செஞ்சியார் தம் கோட்டைகள் பலவற்றை இழந்தார். காவிரிக் கரையில் வெற்றித்தூண் நாட்டப்பட்டதாகக் கூறுவர். ஜக்கராயனின் தம்பி எதிராசன் எஞ்சிய படையோடு சில காலம் போராடினான். இறுதியில் அவன் மகளையே இராமதேவர் மணந்துகொள்ள, பகை உறவாயிற்று. அந்த மணத்தால் மனம் கசந்து விலகியவர், மூட்டையில் சுமந்து காப்பாற்ற ஏற்பாடு செய்த யாசமரே. உள்நாட்டுப் போர்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன போலும். கல்யாணப் பந்தலில் பகைவருக்கு முன்வரிசை, பாடுபட்டவருக்கு வாசல்.

இளவரசன் இராமதேவனுக்கு இரகுநாதர் முடிசூட்டி வைத்தது கும்பகோணத்தில். ஆம்பியிலோ வேலூரிலோ நடக்க வேண்டிய சடங்கு, ஆளுநரின் ஊரில், ஆளுநரின் கையால் நடந்தது. இரகுநாதர் காலத் திருப்பணியான கும்பகோணம் இராமசாமி கோயிலின் கருவறையிலும் பட்டாபிடேகக் கோலத்தில்தான் இராமன் சீதையோடு ஒரே ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். தெலுங்கில் இராமாயணம் பாடிய இரகுநாதருக்கு இராமன் மீதிருந்த பற்றே இதற்குப் போதிய காரணம். ஆயினும் அச்சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் அந்த மற்ற இராமனும் நினைவுக்கு வரத்தான் செய்கிறான்.

முடிசூட்டியவர் யார், சூட்டப்பட்டவர் யார் என்பதில்தான் எல்லாம் மாறிவிடுகிறது. 1614இல் இராயரின் பெயரால் ஆண்ட தஞ்சை ஆளுநர், 1617க்குப் பின் இராயரை உண்டாக்கியவராகிவிட்டார். விசுவாசத்தால் பேரரசைக் காத்தவரே, அக்காத்தலினாலேயே அதற்குக் கட்டுப்படாதவர் ஆனார். இதற்குச் சான்று கோபன்னேகனில் இருக்கிறது. 1620 நவம்பரில் டென்மார்க்கின் கடற்படைத் தலைவர் ஓவே கெட்டேயோடு இரகுநாதர் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியை வணிகத்துக்கு அளித்தார். டென்மார்க் அரசருக்கு அவர் அனுப்பிய பொன்னேட்டுக் கடிதம் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. வேலூர் இராயரின் இசைவைக் கேட்டு எழுதப்பட்ட கடிதம் அல்ல அது. அரசர் அரசருக்கு எழுதியது. அவையிலே வடமொழியும் தெலுங்கும் கோலோச்சிய அந்நாளில், கடல் கடந்து சென்ற அந்த ஏடு தமிழில் எழுதப்பட்டது என்பதை நம் இலக்கிய வட்டத்தார் அறிந்து மகிழலாம். கையொப்பம் மட்டும் தெலுங்கு.

இரகுநாதரின் பிற்கால வாழ்வு இசையாலும் ஏட்டாலும் நிறைந்தது. வீணையின் மெட்டுகளை நிலைப்படுத்திய பெருமை அவர் காலத்துக்கு உரியது. சரசுவதி மகால் நூலகத்தின் தொடக்கமும் நாயக்கர் அவையின் ஏட்டுத் தொகுப்பே. அவர் மறைந்தது 1634 வாக்கில். தோப்பூரில் மானம் இழந்த மதுரை மறக்கவில்லை. 1673இல் சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சைக் கோட்டைக்குள் புகுந்தபோது, இரகுநாதரின் மகன் விசயராகவர் முதிய வயதில் போரிட்டு மாண்டார். அவரைக் காக்க அப்போது எந்த இராயரும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் தஞ்சை மராத்தியர் கைக்குப் போயிற்று.

உடைந்த அணை என்ன ஆயிற்று? அடுத்து வந்த தலைமுறைகளிலும் தஞ்சையில் நெல் விளைந்தது. வெளிநாட்டு வணிகர் தொடர்ந்து அதைத் தேடி வந்தனர். ஆகவே யாரோ அதை அடைத்திருக்கிறார்கள். மூங்கிலும் நாணலும் வைக்கோலும் மண்ணும் கொண்டு கொரம்பு கட்டத் தெரிந்த ஊரார் மண்வெட்டியோடு இறங்கியிருப்பார்கள். மேலே கல் அடுக்கியிருப்பார்கள். வேலூரில் மூட்டை சுமந்தவனைப் போலவே இவர்களுக்கும் பெயர் இல்லை. தலைப்பில் தண்ணீர் மீண்டும் ஏறிய அன்று, பழமானேரி வாய்க்காலில் முதல் நீர் வருவதைப் பார்க்கக் கரையில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்!