நூலகச் சட்டமும் நிதி பெறும் தகுதியும்

படிப்பகம் ஆர்வத்தால் பிறக்கிறது. நிலையான வருவாயால்தான் வாழ்கிறது. இவ்வுண்மையைச் சட்டத்தில் வடித்த பெருமை சென்னை மாகாணத்துக்கு உண்டு.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் அவர் மாதிரி நூலகச் சட்டமொன்றை முன்வைத்தார். அவ்விதை முளைவிடப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே.

சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பை, அதாவது அரை அணா, நூலக வரியாக விதிக்கப்பட்டது. சென்னை நகரம் நீங்கலாக, மாவட்டங்களில் திரண்ட வரிக்குக் குறையாத தொகையை அரசும் வழங்க வேண்டுமெனச் சட்டம் பணித்தது. புரவலரின் மனநிலையைப் பொறுத்திருந்த நூலகம், இங்ஙனம் மக்களின் உரிமையாயிற்று.

தனியார் நூலகங்களையும் சட்டம் மறக்கவில்லை. விதிகளின்படி உதவிக்குத் தகுதியுடையதென இயக்குநர் அறிவிக்கும் நூலகமே ‘உதவி பெறும் நூலகம்’ எனப்பட்டது. தகுதி காண்பது தடையன்று, பொதுப்பணத்துக்குக் காவல். ஆயினும், ஆர்வமிருந்தும் ஏடுகளைப் பேணத் தெரியாத சிற்றூர்ப் படிப்பகம் அவ்வாயிலில் நின்றுவிடக்கூடும் என்பதும் எண்ணத்தக்கது.

மலேசியாவிலும் 1972-இல் தேசிய நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. மெர்கோங் முதலிய கெடா ஊர்களில் தமிழ்ப் படிப்பகம் காண விழைவோர், நூல்களைத் திரட்டுவதோடு அமையாது, நூற்பதிவேட்டையும் வரவுசெலவுக் கணக்கையும் முதல் நாளிலிருந்தே எழுதி வருதல் வேண்டும். ஆர்வம் கதவைத் திறக்கும். ஒழுங்கே அதைத் திறந்தபடி வைத்திருக்கும்.