கண்டிச் சாலை

மாணவர்களே! வரலாற்றை ஏட்டால் மட்டுமன்றிக் காலாலும் கற்கலாம். ஆசிரியப் பணியேற்ற புதிதில், ஒருநாள் விடியுமுன் கொழும்பிலிருந்து கண்டிக்குத் துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்டேன். தென்னந்தோப்பும் வயலும் சூழ்ந்த தாழ்நிலத்தில் வண்டி இலகுவாக ஓடிற்று. மாவனல்லையைக் கடந்ததும் கடுகண்ணாவை ஏற்றம் எதிர்ப்பட்டது. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வகுப்பிற் பலமுறை சொல்லிய பாடம் அப்பொழுதுதான் எனக்கே விளங்கிற்று.

கரையை ஆண்ட போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கண்டியரசை ஏன் வெல்ல இயலவில்லை? இம்மலையும் காடுமே அதற்கு அரண். 1803இல் கண்டியுட் புகுந்த ஆங்கிலப் படையும் அழிந்தது. 1815இல் கண்டிப் பிரதானிகளின் துணையோடுதான் ஆங்கிலேயர் அரசைக் கைக்கொண்டனர். ஆயினும் 1817இல் பெருங்கிளர்ச்சி மூண்டது. படை விரைந்து ஏறச் சாலை வேண்டுமென்று கண்ட எட்வர்டு பார்ன்ஸ், 1820இல் ஆட்சிப் பொறுப்பேற்றதும் அதற்கு வழிசெய்தார்.

சாலை வகுத்த பொறியியலாளர் டோசனுக்கு 1832இல் எழுப்பிய நினைவுக் கோபுரம் கணவாயின் உச்சியில் நிற்கிறது. ஆனால், இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்திற் பாறை பிளந்த குடியானவர் பெயரை நான் அங்கே காணவில்லை.

கண்டிச் சாலையை அமைத்தவர் யாரென்று தேர்விற் கேட்டால், மாணவர்களே, ஒரு பெயரோடு விடையை முடித்துவிடாதீர்கள்.