முப்பத்தொரு வருட இடைவெளி: ஆய்வு நூல்களில் வன்னி முஸ்லிம்கள்

போன வருடம் பத்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். தத்தம் கிராமத்தின் வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுதி வர வேண்டும். ஒரு நூலையாவது பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு பிள்ளை வந்து, "சேர், எங்கட ஊரப் பத்தி எந்தப் புத்தகத்தில இருக்கு?" என்று கேட்டாள். அவளுடைய ஊர் தண்ணீரூற்றுப் பக்கம். "தேடித் தாறன் புள்ள" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு என்னுடைய அலுமாரியிலுள்ள நூல்களை இறக்கி வைத்துத் தேடினேன். கிடைத்தது சில வரிகள்தான்.

இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய ஆய்வு நூல்கள் குறைவு என்று இன்று யாரும் சொல்ல முடியாது. அரசியல், சட்டம், மானிடவியல், வரலாறு என்று எல்லாத் துறைகளிலும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா முஸ்லிம்கள் எங்கே நிற்கிறார்கள்? அவர்கள் விடுபட்டுப் போனதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக நின்று பார்க்க விரும்புகிறேன்.

நம்மைப் பற்றிய நவீன ஆய்வு ஒரு வழக்காகவே தொடங்கியது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், சோனகர் இனத்தால் தமிழரே என்ற கட்டுரையை வாசித்தார். சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு நடந்த காலம் அது. அடுத்த வருடம், 1889இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு நூல் வடிவில் மறுப்பு எழுதினார். அதன் பின் வந்த எழுத்துகள் பெரும்பாலும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிய பாதையிலேயே நடந்தன. நாம் அரபியின் வழியா, தமிழனின் வழியா? வியாபாரத்துக்கு வந்தவரா, மதம் மாறியவரா?

இந்த விவாதம் தேவைப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஆனால் அது நம் மனதில் ஒரு படத்தைப் பதித்து விட்டது. முஸ்லிம் என்றால் துறைமுகம், கடைத்தெரு, பாய்க்கப்பல். லோர்ணா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூல் இந்தப் படத்தைக் கொஞ்சம் விரித்தது. கண்டி இராச்சியத்தில் தவளம் ஓட்டியவர்களையும் மருத்துவர்களையும் அதில் காண்கிறோம். இருந்தாலும் குளத்துக்குக் கீழே வயல் செய்த, காட்டோரம் மாடு வளர்த்த வன்னி முஸ்லிம் அந்தப் படத்துக்குள் வரவில்லை.

அவன் இருந்தான் என்பதற்கு ஊர்ப் பெயர்களே சாட்சி. செட்டிகுளம் பக்கம் மதார் பணிக்கர் மகிழங்குளம் என்றொரு கிராமம் இருக்கிறது. பணிக்கர் என்றால் யானை பிடிப்பவர். வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளைக் கொடுத்த காலமும், யானைகளைக் கடல் கடத்தி விற்ற காலமும் நமது மண்ணின் வரலாறு. ஆனையிறவு என்ற பெயரே அந்தக் காலத்தின் மிச்சம்தான். அந்தத் தொழிலில் ஒரு முஸ்லிம் பெயரும் ஒரு குளத்தின் பெயரும் ஒன்றாக ஒட்டிக் கிடப்பதை எந்த வரலாற்று மாணவன் சும்மா கடந்து போகலாம்? சாளம்பைக்குளம், சூடுவெந்தபுலவு, ஆண்டியாபுளியங்குளம், நேரியகுளம் என்று வவுனியாவின் முஸ்லிம் கிராமங்களை எண்ணிப் பாருங்கள். குளமும் புலவும் உழவனின் சொற்கள்.

1895இல் ஜே.பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னிப் பிரிவுகளுக்கு ஒரு கையேடு எழுதினார். வரி வாங்குபவரின் கண்ணால் எழுதப்பட்டதென்றாலும், வன்னியின் குளம், காடு, காய்ச்சல், குடி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டிய நூல் அது. அதற்குப் பின் வந்த நூறு வருடத்தில் வன்னி முஸ்லிம்களைத் தனியே எடுத்து அந்த விரிவோடு எழுதிய ஒரு நூல் என் கைக்கு வரவில்லை.

அடுத்து, கணக்கு. 1981 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் முஸ்லிம்கள். 2012இல் அது இரண்டு பேர் அளவுக்குச் சுருங்கியது. இடைப்பட்ட காலத்துக்குக் கணக்கே இல்லை. 1991இல் நாட்டில் குடிசன மதிப்பீடு எடுக்கப்படவில்லை. 2001இல் எடுத்தபோது முல்லைத்தீவும் கிளிநொச்சியும் சேர்க்கப்படவில்லை. கிளிநொச்சிக்கு இன்னுமொரு சங்கடம்: அது 1984இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே 1981இன் கிளிநொச்சி முஸ்லிம்கள் யாழ்ப்பாண மாவட்டக் கணக்குக்குள் கரைந்து கிடக்கிறார்கள். நாச்சிக்குடாவின் மீனவக் குடும்பங்களை மாவட்ட அட்டவணையில் தேடினால் கிடைக்காது. முப்பத்தொரு வருட இடைவெளி என்று தலைப்பில் நான் சொன்னது இதைத்தான். அந்த இடைவெளியின் நடுவில்தான் 1990 ஒக்டோபர் நிற்கிறது.

வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உம்மா அடுப்பில் வைத்த சோற்றை இறக்காமலே வெளிக்கிட்டோம். பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில், வரிசையில் நின்று தண்ணி, நிவாரணக் கூப்பன். எங்களைப் பற்றி உலகம் எழுதாத அந்த வருடங்களில் எழுதியவர் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். பேராதனையில் புவியியல் படிப்பித்த அவர் 2001இல் வெளியிட்ட ஆங்கில நூல், இலங்கை இனப்பிரச்சினையில் மறக்கப்பட்ட மக்கள் என்றே முஸ்லிம் அகதிகளை அழைத்தது. எத்தனை குடும்பம், எவ்வளவு காணி, எத்தனை வீடு என்று எண்ணி வைத்தவர் அவர். 2018இல் அவர் மௌத்தானபோது நாம் இழந்தது ஓர் அறிஞரை மட்டுமல்ல, நம்முடைய பதிவாளரையும்தான்.

2011இல் இரண்டு முக்கியமான வெளியீடுகள் வந்தன. ஒன்று, சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் அமைத்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை. வெளியேற்றப்பட்டவர்களின் வாய்மொழியையே அடிப்படையாக வைத்தது. மற்றது, ஷரிக்கா திராணகமவின் 'இன் மை மதர்ஸ் ஹவுஸ்'. வெறுமனே முஸ்லிம்களாக இருந்தவர்கள் வெளியேற்றத்தின் பின் எப்படி 'வடக்கு முஸ்லிம்கள்' என்ற அடையாளத்துக்குள் வந்தார்கள் என்பதை ஒரு தமிழ்ப் பெண்ணாக, புத்தளத்து முகாம்களில் இருந்து கேட்டு எழுதியிருக்கிறார். இவை நன்றியோடு படிக்க வேண்டியவை. ஆனாலும் 1990 என்றவுடன் வாசகர் மனதில் எழும் காட்சி யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவும் அந்த இரண்டு மணித்தியாலக் கெடுவும்தான். முல்லைத்தீவிலிருந்து காட்டுப் பாதையால் வவுனியாவுக்கு வந்தவனின் கதை அதற்குப் பின்னால் மறைந்து விடுகிறது.

இதனால் என்ன குறைந்து விட்டது என்று கேட்கலாம். என் குடும்பக் கதையையே சொல்கிறேன். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வாப்பாவின் காணிக்கு உத்தரவுப்பத்திரம் இல்லை. 1990இல் அது வீட்டோடு போயிற்று. ஒரு காரியாலயத்தில் விசாரிக்கப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, உங்கட ஆக்கள் இங்க வியாபாரத்துக்குத்தானே வந்தது? வயல் எப்ப செய்தீங்கள்?" என்று கேட்டார். வாப்பா கையை விரித்துக் காட்டினார். மண்வெட்டிக் காய்ப்பு இருபது வருடத்துக்குப் பிறகும் இருந்தது. கோவையில் இணைக்க அது உதவவில்லை. 1888இலும் 1907இலும் தொடங்கிய அந்த வியாபாரிப் படம் எங்கே வந்து நின்றதென்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

சட்டமும் கடதாசியைத்தான் கேட்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் எதிராக ஆண்டவர் உரிமை கோரலாம். பயங்கரவாதச் செயல்களால் வழக்குத் தொடர முடியாமல் போனவர்களுக்கு இது அநீதி என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு விலக்களித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது உறுதிக் காணி வைத்திருந்தவனுக்கே கை கொடுக்கும். வன்னியில் நம்மவர்களில் பலர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு உத்தரவுப்பத்திரம் பெற்றவர்கள். அவர்களுடைய பிரச்சினை அடுத்தவனின் ஆட்சியுரிமை அல்ல. தாங்கள் அங்கே இருந்து பயிர் செய்ததை அரசுக்குக் காட்டுவது. பக்கத்து மன்னாரில் 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானிகள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் காடாக அறிவித்த நிலங்களைச் சுற்றி எழுந்த பிணக்கை எல்லோரும் அறிவோம். இருபது வருடம் ஆளில்லாத வயல் காடாகத்தான் தெரியும். அது வயலாக இருந்தது என்று சொல்ல ஒரு பதிவு வேண்டும்.

அண்மைக்கால ஆய்வுகள் இந்தக் குறையைத் தீர்க்குமா? ஹஸ்புல்லாஹ்வும் சேர்ந்து எழுதிய 2014ஆம் ஆண்டு நூல், சோதனைச் சாவடி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்ற தலைப்பில் கிழக்கைப் பேசுகிறது. ஜோன் ஹோல்ட் 2016இல் பதிப்பித்த கட்டுரைத் தொகுதி தெற்கில் எழுந்த பௌத்த தீவிரவாதத்தை மையமாகக் கொள்கிறது. அவரவர் கேள்விக்கு அவரவர் விடை தேடுகிறார்கள், அதில் குற்றமில்லை. ஆய்வாளர் ஆதாரம் இருக்கும் இடத்துக்குத்தான் போவார். வன்னியின் ஆதாரத்தை நாம் திரட்டி வைக்கவில்லை.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். நம் இழப்பை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறுதான். 2002 ஏப்ரலில் இதே கிளிநொச்சியில் வைத்துத்தான் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் றவூப் ஹக்கீமும் பிரபாகரனும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 2009இல் அதே மண்ணில் நம் தமிழ் அயலவர்கள் பட்டதை உலகமே பார்த்தது. எங்கள் வீட்டில் குடியிருந்த தமிழ்க் குடும்பமும் வேறோர் ஊரிலிருந்து விரட்டப்பட்டதுதான். அந்த அம்மா முற்றத்துப் பலா மரத்தை வெட்டாமல் காத்து வைத்திருந்தார். இதையும் எழுதாத நூல் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? முஸ்லிம் விவாகப் பதிவேடுகளில் மணமகன், மணமகள் ஊர்ப் பெயர் இருக்கிறது. பாடசாலைச் சம்பவத் திரட்டில் எந்த வருடம் வெள்ளம் வந்தது, எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று எழுதியிருக்கும். வக்பு சபையில் பள்ளிவாசல்களின் பதிவு, கமநல நிலையத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்பு, மையவாடியில் மீஸான் கல். அதைவிட முக்கியம், எழுபது வயது தாண்டிய மூத்தவர்களின் ஞாபகம். அது ஒவ்வொரு ஜனாஸாவோடும் குறைந்துகொண்டு போகிறது. ஒவ்வொரு பள்ளிவாசல் நிருவாகமும் ஒரு ஆசிரியரையும் இரண்டு மாணவரையும் இந்த வேலைக்கு விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் ஊருக்கொரு கோவை சேரும். பல்கலைக்கழகத்திலிருந்து நாளை யாராவது வந்தால் கையில் கொடுக்க ஏதாவது இருக்கும்.

அந்தப் பிள்ளைக்கு நான் புத்தகம் கொடுக்கவில்லை. அவளுடைய உம்மம்மாவிடம் அனுப்பினேன். நான்கு பக்கம் கேட்டதற்குப் பதினொரு பக்கம் எழுதி வந்தாள்: எந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள், எந்த வயலுக்கு என்ன பெயர், வெளிக்கிட்ட அன்று யார் யார் எந்த வண்டியில் ஏறினார்கள் என்று. நூல் பார்த்தது என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். நான் முழுப் புள்ளியும் போட்டு, பிரதி ஒன்று எடுத்துப் பாடசாலை நூலகத்தில் வைத்திருக்கிறேன்.