அயர்லாந்தின் சிறார் வன்கொடுமை விசாரணை: செலவை உயர்த்தியவர்கள் யார், சுமந்தவர்கள் யார்?

கடந்தகாலக் கொடுமைகளை விசாரிக்கும் ஆணையங்களின் செலவு உயரும்போதெல்லாம், "இந்த விசாரணை இன்னும் தேவைதானா?" என்ற குரல் எழுகிறது. அக்கேள்வியை எதிர்கொள்ள அயர்லாந்தின் அனுபவம் நமக்குத் துணை செய்யும்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகள் நீதிமன்ற ஆணைகளின்படி 'தொழிற்பள்ளி'களில் அடைக்கப்பட்டனர். வறுமை, பெற்றோரின் மரணம், மணவுறவுக்கு வெளியே பிறந்தமை ஆகியவையே அவர்களின் 'குற்றங்கள்'. கத்தோலிக்கத் துறவற சபைகள் இப்பள்ளிகளை நடத்தின; குழந்தைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் அளித்தது. அடியும் பசியும் பாலியல் வன்கொடுமையும் அங்கு அன்றாடமாயின.

1999 மே மாதம் பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2000இல் சட்டத்தின் வழி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

செலவு பெருகிய விதம்

ஆணையத்திற்குத் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட செலவு 25 லட்சம் யூரோ. இறுதியில் அது ஏறத்தாழ 8 கோடியே 20 லட்சம் யூரோவாகும் என்று அந்நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணித்தார். இரண்டு ஆண்டுகளில் முடியும் என்று எதிர்பார்க்கப்பட்ட பணி, 2009 மே மாதம்தான் அறிக்கையாக வெளிவந்தது.

இவ்வுயர்வுக்குப் பாதிக்கப்பட்டோர் காரணமல்லர். ஆணையத்தின் இரகசியக் குழுவின் முன் 1,090 பேர் சாட்சியமளித்து, 216 நிறுவனங்களைக் குறிப்பிட்டனர். மறுபுறம், குற்றஞ்சாட்டப்பட்டோர் வழக்கறிஞர்களைக் கொண்டு குற்றச்சாட்டுகளை எதிர்த்தனர். கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நீதிமன்றம் சென்றது. அதன் விளைவாகக் குற்றமிழைத்தோரின் உண்மைப் பெயர்களை வெளியிடுவதில்லை என்று ஆணையம் முடிவெடுத்தது. ஆணையத்தின் முதல் தலைவரான நீதிபதி மேரி லாஃபோய், கல்வித் துறை உரிய ஒத்துழைப்புத் தரவில்லை என்று சுட்டிக்காட்டி 2003இல் பதவி விலகலை அறிவித்தார். விசாரிக்கப்பட வேண்டிய அத்துறையே ஆணையத்தின் நிதிக்கும் பொறுப்பாக இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருக்குப் பின் நீதிபதி ஷான் ரயன் பணியை முடித்தார்.

சுமை யார் தலையில்?

பெருந்தொகை விசாரணைக்குச் செலவாகவில்லை, இழப்பீட்டிற்கே செலவானது. 25 கோடி யூரோ என்று மதிப்பிடப்பட்ட இழப்பீட்டுத் திட்டம் ஏறத்தாழ 125 கோடியாக வளர்ந்தது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் இழப்பீடு பெற்றனர். சராசரித் தொகை ஏறத்தாழ 62,000 யூரோ. தாம் பெற்ற தொகையை அவர்கள் பகிரங்கப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. இத்திட்டத்தில் வழக்கறிஞர்களுக்கு மட்டும் 19 கோடி யூரோவுக்கு மேல் சென்றது.

இத்தொகைகள் தெரியவரும் முன்பே, 2002 ஜூன் மாதம் அரசு 18 துறவற சபைகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சபைகள் பணமாகவும் சொத்தாகவும் 12 கோடியே 80 லட்சம் யூரோ தரும். அதற்கு மேற்பட்ட பொறுப்பை அரசு ஏற்கும். சபைகளின் பொறுப்புக்கு வரம்பு இருந்தது. மக்களின் வரிப்பணத்துக்கு இல்லை. 2009 அறிக்கைக்குப் பின், செலவில் பாதியைச் சபைகள் ஏற்க வேண்டும் என்று அரசு வலியுறுத்தியது. சபைகள் கூடுதலாக 35 கோடி யூரோ அளவுக்குத் தர முன்வந்தன. ஆயினும் 2015 இறுதி வரை அவை உண்மையில் கொடுத்தது, மொத்தச் செலவான ஏறத்தாழ 150 கோடியில் கால் பங்கைக்கூட எட்டவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஓர் ஆணையத்தின் செலவுக் கணக்கு நம்முன் வைக்கப்படும்போது மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். சாட்சிகளைக் கேட்க எவ்வளவு, சாட்சியத்தை எதிர்க்க எவ்வளவு செலவானது? ஆவணங்களைத் தாமதப்படுத்தியவர் யார்? குற்றமிழைத்த நிறுவனத்தின் பங்கு என்ன?

இவற்றுக்கு விடை கேட்காமல் மொத்தத் தொகையை மட்டும் காட்டி அதிர்ச்சியடைவது, பழியைப் பாதிக்கப்பட்டோர் மீதே சுமத்துவதாகும். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் முதிய சாட்சிகள் மறைகின்றனர். அந்த இழப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.