படைக்கு உயிராவது வழியே

அரசின் உறுப்புக்களை ஆறென வகுத்த திருவள்ளுவனார், அவற்றுள் கூழினையும் ஒன்றாக வைத்தார். படை எத்துணைப் பெரிதாயினும், உணவு வந்துசேரும் வழி அடைபடுமாயின் அது நிலைபெறாது. ஒரே தலைவர் ஒரே நகரின்மீது ஒன்பது திங்கள் இடையிட்டு இருமுறை சென்று, முதன்முறை வறிதே மீண்டு, மறுமுறை வென்றதொரு செய்தி இவ்வுண்மையை இனிது விளக்கும்.

மூன்றாம் மைசூர்ப்போர் 1790-ல் மூண்டது. திப்பு சுல்தானை எதிர்த்து ஆங்கிலக் கும்பினியாரும், மராட்டியரும், ஐதராபாத்து நிஜாமும் ஒன்றுகூடினர். கவர்னர் ஜெனரலாகிய காரன்வாலிஸ் பிரபு 1791 மார்ச்சு மாதத்தில் பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றி, மே மாதத்தில் சீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்டார். திப்பு செய்தது யாது? பகைவர் வரும் நெறியிலுள்ள ஊர்களை வெறுமையாக்கி, தானியத்தையும் வைக்கோலையும் எரிப்பித்தார். ஆங்கிலப் படை அரக்கெரை என்னுமிடத்தில் மே 15-ஆம் நாள் வெற்றியே பெற்றது. ஆயினும் அவ்வெற்றியால் விளைந்த பயன் ஒன்றுமில்லை. காவிரி பெருகிற்று; மேற்கே மலையாளத்தினின்று வந்த துணைப்படையோடு கூடுதற்கு இயலவில்லை; பீரங்கி இழுக்கும் எருதுகள் தீனியின்றியும் நோயுற்றும் திரள்திரளாய் மடிந்தன. வீரர் அரைவயிற்றிற்கும் உணவு பெறாது வருந்தினர். ஆகவே பிரபு, அரிதிற் கொணர்ந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். வழியிலே வந்துசேர்ந்த மராட்டியர் பாசறைக் கடைகளில் விற்ற தானியமே அப்படையைப் பிழைப்பித்தது.

இத்தோல்வியிற் பிரபு கற்ற பாடம், கோட்டையினும் முன்னர்க் கொள்ளற்பாலது வழி என்பதே. அடுத்த திங்கள்களில் அவர் தலைநகரை அணுகவில்லை. 1791 ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் அவர் வசமாயின. அதனால் கருநாடகச் சமவெளியினின்று கணவாய் வழியே பெங்களூர்க்குப் பொருள் ஏறிவரும் நெறி திறந்தது. அக்டோபரில் நந்திமலைக் கோட்டையும், டிசம்பரில் சாவனதுர்க்கமும் வீழ்ந்தன. பின்னது பெங்களூர்க்கும் சீரங்கப்பட்டணத்திற்கும் இடைப்பட்ட வழியை அச்சுறுத்தி நின்ற மலையரண். பொதியெருதுகளில் தானியம் ஏற்றித் திரியும் இலம்பாடி வணிகரையும் நல்விலை கொடுத்துத் தம்பால் ஈர்த்துக்கொண்டார்.

இங்ஙனம் பின்புறம் காவலுற்ற பின்னரே 1792 பிப்ரவரியில் மீண்டும் சென்றார். 6-ஆம் நாள் இரவில் புறவரண்கள் தாக்கப்பட்டன. மார்ச்சு மாதம் கையெழுத்தான உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டிற் பாதியையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் கொடுக்க இசைந்து, புதல்வர் இருவரைப் பிணையாக விடுத்தார். நம் பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினியார் கைப்பட்டது அப்போதே.

இருமுறையும் தலைவர் ஒருவரே, பகைவரும் ஒருவரே, நகரும் ஒன்றே. வேறுபட்டது வழியொன்றே. திப்புவின் வீரத்திற்கு முதன்முறையினும் மறுமுறை குறைவு நேர்ந்ததன்று. பகைவரது உணவு நெறியை அறுக்கும் வாய்ப்பே அவர் கையினின்று நழுவிற்று.

போர் வரலாறு படிப்போர் வாளையும் பீரங்கியையும் வியந்து நின்றுவிடுதல் இயல்பு. அவற்றின்பின் பொதி சுமந்து நடந்து வழியில் மடிந்த எருதினையும், அதனை ஓட்டினவனையும், தன் களஞ்சியம் எரியக் கண்டு நின்ற உழவனையும் நினைப்பார் சிலரே. வெற்றியின் விலையைக் கொடுத்தோர் பெரும்பாலும் இவர்களே என்பதனை நாம் மறத்தலாகாது.